அம்பாசடரும் ஒரு டெஸ்ட் லேம்பும்

காலை நேரம். அவசரமாகக் கிளம்ப வேண்டும். கார் ஸ்டார்ட் ஆகவில்லை! இன்றைய கார் என்றால் பெரும்பாலானவர்கள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுவது. அங்கிருந்து ஒருவர் வருவார், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகுவார், திரையில் ஏதோ எண்ணைப் பார்ப்பார், "ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வரணும் சார்" என்பார். என்ன பழுது, எதனால் பழுது என்பது வண்டியின் சொந்தக்காரருக்குக் கடைசி வரை தெரியாது. பில்லில் உள்ள தொகை மட்டும் நன்றாகத் தெரியும்!

நாற்பது வருடங்களுக்கு முன்பு அம்பாசடர் வைத்திருந்தவரின் கதையே வேறு. டிக்கியில் ஒரு பழைய துணிப்பை இருக்கும். அதற்குள் இரண்டு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு துண்டு உப்புத்தாள், கொஞ்சம் வயர். கூடவே இரண்டு நீள வயர்கள் இணைத்த ஒரு 12 வோல்ட் பல்பு. இந்தப் பல்புக்குத்தான் டெஸ்ட் லேம்ப் என்று பெயர். காரின் மின்சாரக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை நடுரோட்டிலேயே கண்டுபிடிக்க இது போதுமானதாக இருந்தது.

துணிப்பையிலிருந்த அந்த அறிவு எப்படிச் சர்வீஸ் சென்டருக்குள் போனது? தொழில்நுட்பம் வளர்ந்ததுதான் காரணம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி வியாபாரம்!

கல்லாப்பெட்டியிலிருந்து வந்த செல்ஃப் மோட்டார்

ஆரம்ப காலக் கார்களைக் கைப்பிடியால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்தார்கள். என்ஜின் திடீரென்று எதிர்ப்பக்கம் உதைத்தால் கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு உடையும். இதற்கு முடிவு கட்டியவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். அவர் முதலில் வேலை பார்த்தது கார் கம்பெனியில் அல்ல, கடைகளுக்குக் கல்லாப்பெட்டி செய்யும் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில்! கல்லாப்பெட்டியைக் கையால் இயக்காமல் ஒரு சின்ன மோட்டாரால் இயக்க அவர் வழி செய்தார். அந்த மோட்டார் நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை, சில நொடிகள் மட்டும் பலமாக இழுத்தால் போதும். கார் என்ஜினைச் சுற்றவும் இதே யோசனைதான் உதவியது.

1909ல் கெட்டரிங்கும் அவருடைய நண்பர் எட்வர்ட் டீட்ஸும் டெல்கோ கம்பெனியைத் தொடங்கினார்கள். 1912ம் ஆண்டு மாடல் காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர், விளக்குகள், இக்னிஷன் மூன்றும் ஒரே மின்சார அமைப்பாக வந்தன. ஒரு பேட்டரி, அதை சார்ஜ் செய்ய ஒரு டைனமோ, பொறி உண்டாக்க ஒரு காயில், அதைத் திறந்து மூட ஒரு ஜோடி பாயின்ட். அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு உலகத்தின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் இதே அடிப்படையில்தான் ஓடின. ஒரு காரைப் புரிந்துகொண்டவருக்கு எல்லாக் காரும் ஓரளவு புரிந்ததற்குக் காரணம் இதுதான்.

உத்தரபாராவுக்கு வந்த மோரிஸ்

இந்தியாவில் இந்த அமைப்பின் மறக்க முடியாத உதாரணம் அம்பாசடர். 1942ல் பி.எம். பிர்லா தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாக வைத்து, 1957ல் மேற்கு வங்காளத்தின் உத்தரபாரா ஆலையில் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் அந்த மாடல் 1950களோடு முடிந்துபோனது. இங்கேயோ 2014 வரை ஓடியது!

இதற்குப் பின்னால் ஒரு பொருளாதாரக் கதை இருக்கிறது. சுதந்திரத்துக்கு முன்பு ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் உதிரிபாகங்களை இறக்குமதி செய்து இங்கே கார்களைப் பூட்டி விற்றன. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்தாக வேண்டும் என்று அரசு கொள்கை வகுத்த பிறகு, 1950களின் நடுப்பகுதிக்குள் அவை வெளியேறின. அதன்பின் கார் சந்தையில் முக்கியமாக மிஞ்சியவர்கள் மூன்றே பேர். கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்டு. லைசென்ஸ் கட்டுப்பாடு, இறக்குமதித் தடை, புதுக் காருக்கு வருடக்கணக்கில் காத்திருப்பு. புதிய கார் கிடைக்காதபோது இருக்கும் காரை எப்படியாவது ஓட வைக்கத்தானே வேண்டும்? பழுது பார்க்கும் திறமை இந்தியாவில் பொழுதுபோக்காக வளரவில்லை, கட்டாயத்தால் வளர்ந்தது.

இதில் தமிழ்நாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. பிரிட்டிஷ் கார்களின் மின்சாதனங்களைச் செய்துவந்தது பர்மிங்ஹாமின் லூகாஸ் நிறுவனம். அதுவும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து 1961ல் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின. ஆலை அமைந்த இடம் சென்னை பாடி. டைனமோ, செல்ஃப் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர், இக்னிஷன் காயில் எல்லாம் உள்ளூரிலேயே தயாராகத் தொடங்கின. சின்ன ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையிலும் உதிரிபாகம் கிடைத்தது. பழுது பார்க்கத் தெரிந்தால் மட்டும் போதாது, மாற்றிப் போடப் பொருளும் கிடைக்க வேண்டும் அல்லவா?

(லூகாஸ் சாதனங்கள் அடிக்கடி மக்கர் செய்ததால், பிரிட்டிஷ் கார் பிரியர்கள் அந்தக் கம்பெனிக்கு "இருளின் இளவரசர்" என்று செல்லப் பெயர் வைத்தது தனிக்கதை!)

நிறங்கள் சொல்லும் ரகசியம்

பழைய காரின் வயர்களை முதலில் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஆனால் அதில் ஓர் ஒழுங்கு உண்டு. லூகாஸ் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அர்த்தம். பழுப்பு நிற வயரில் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருக்கும். வெள்ளை, சாவியைத் திருப்பினால் மட்டும். பச்சை, சாவிக்குப் பிறகு ஃப்யூஸையும் தாண்டி வருவது. நீலம் ஹெட்லைட்டுக்கு, சிவப்பு சின்ன விளக்குகளுக்கு, கறுப்பு எர்த்துக்கு. இது தெரிந்தவருக்கு அந்த வயர் கூட்டம் ஒரு வரைபடம் போல!

இன்னொரு எளிமை, எர்த். வீட்டில் ஒரு பல்புக்கு இரண்டு வயர் வேண்டும். காரில் ஒரு வயர் போதும். மின்சாரம் திரும்பிப் போகும் பாதை காரின் இரும்பு உடம்புதான். வசதியும் இதனால்தான், தொல்லையும் இதனால்தான். எர்த் திருகுக்குக் கீழே துருப்பிடித்தால் திரும்பும் பாதை அடைபட்டுவிடும். உடனே மின்சாரம் வேறு விளக்கின் வழியாகச் சுற்றிப் போகப் பார்க்கும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்கும்! பேய் பிடித்தது போலத் தெரியும் இந்த வேடிக்கைக்குப் பல நேரம் மருந்து, துருவை உப்புத்தாளால் தேய்ப்பதுதான்.

எர்த்தில் ஒரு பொறியும் உண்டு. 1960களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு இணைக்கப்பட்டிருந்தது. பிறகு உலகம் முழுவதும் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. பழைய வண்டியில் எது எர்த் என்று பார்க்காமல் நெகட்டிவ் எர்த் டிரான்சிஸ்டர் ரேடியோவை மாட்டினால், பாட்டு வராது, புகைதான் வரும்.

பல்பு சொல்லும் பதில்

சரி, ஸ்டார்ட் ஆகாத அம்பாசடரில் என்ன செய்வார்கள்? யூகம் செய்வதில்லை. மின்சாரம் எதுவரை வருகிறது என்று படிப்படியாகத் தேடிப் போவார்கள்.

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடிப்பது. விளக்கு ஒரேயடியாக மங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, இறுக்கி, வாஸ்லின் தடவினால் பாதி வண்டிகள் கிளம்பிவிடும். இங்கே ஒரு விதி முக்கியம். பேட்டரியைக் கழற்றும்போது எர்த் வயரைத்தான் முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதுதான் கடைசி. மாற்றிச் செய்தால் ஸ்பேனர் உடம்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் மட்டும் எடுக்கவில்லை என்றால் அடுத்த சந்தேகம் பொறி மேல். காயிலில் இரண்டு சின்ன முனைகள் உண்டு. ஒன்று சாவியிலிருந்து வருவது, மற்றொன்று டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயின்டுக்குப் போவது. டெஸ்ட் லேம்பின் ஒரு வயரை உடம்பில் மாட்டி, மறு வயரை முதல் முனையில் வைத்தால் பல்பு எரிய வேண்டும். எரியாவிட்டால் கோளாறு சாவி ஸ்விட்சிலோ அதன் வயரிலோதான். வீடு போய்ச் சேர பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேராக ஒரு வயர் போட்டாலே போதும்.

முதல் முனையில் எரிந்தால், பல்பை இரண்டாவது முனைக்கு மாற்றி என்ஜினைச் சுற்ற வேண்டும். பாயின்ட் மூடும்போது பல்பு அணையும், திறக்கும்போது எரியும். மினுக் மினுக் என்று இரண்டும் நடந்தால் அந்தப் பகுதி நலம். எரிந்தபடியே இருந்தால் பாயின்ட் சரியாக மூடவில்லை, அழுக்காக இருக்கலாம். எரியவே இல்லை என்றால் கண்டென்சர் ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது காயிலுக்குள் கம்பி அறுந்திருக்கலாம். ஒரே ஒரு பல்பு, மூன்று விதமான பதில்!

இந்தப் பாயின்டை மெக்கானிக்குகள் "பிளாட்டினம்" என்பார்கள். ஆரம்பத்தில் அதன் நுனியில் பிளாட்டினம் இருந்தது, பிறகு டங்ஸ்டனுக்கு மாறியது. உலோகம் மாறியும் பெயர் நிலைத்துவிட்டது. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் இதன் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர். நாலு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் இந்தச் சின்ன வாய் நொடிக்கு 100 முறை திறந்து மூட வேண்டும். தேயாமல் என்ன செய்யும்?

மழைக்காலத்தில் வேறு ஒரு சோதனை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகுந்தால் பொறி வழிமாறிப் போகும். மூடியைக் கழற்றிக் காய்ந்த துணியால் துடைத்தால் வண்டி எடுத்துவிடும். டாஷ்போர்டில் உள்ள சிவப்பு சார்ஜ் விளக்கிலும் மந்திரம் எதுவும் இல்லை. அதன் ஒரு பக்கம் பேட்டரி, மறுபக்கம் டைனமோ. இரண்டும் சம வோல்டேஜுக்கு வந்தால் நடுவில் மின்சாரம் ஓடாது, விளக்கு அணையும். ஓடும் வண்டியில் எரிந்தால் முதலில் ஃபேன் பெல்ட்டைப் பார்க்க வேண்டும்.

எழுதி வைத்தவர்கள்

இந்த அறிவு இந்தியாவில் பெரும்பாலும் குருவிடமிருந்து சிஷ்யனுக்கு, ஒர்க்‌ஷாப்பில் வாய்வழியாகப் போனது. மற்ற நாடுகளில் அது புத்தகமானது. இங்கிலாந்தின் ஜான் ஹேன்ஸ், 1966ல் ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் காருக்கான பழுதுபார்க்கும் கையேட்டை வெளியிட்டார். வண்டியை முழுவதும் பிரித்து, மறுபடி பூட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துப் போடுவதுதான் அவருடைய முறை. அமெரிக்காவில் ஜான் மியூர், 1969ல் ஃபோக்ஸ்வாகன் கார்களுக்கு ஒரு கையேடு எழுதினார். ஒன்றுமே தெரியாத ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது போன்ற நடை. இரண்டு பேரும் நம்பியது ஒன்றைத்தான். காரை வாங்கியவருக்கு அதைப் புரிந்துகொள்ளவும் முடியும்.

குறைகளும் உண்டு

பழையது எல்லாம் பொன் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கால மோரிஸ் கார்களில் இருந்தவை இரண்டே ஃப்யூஸ்கள். ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸே கிடையாது! ஃப்யூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போட்டவர்கள் உண்டு. ஃப்யூஸ் என்பது தான் எரிந்து வண்டியைக் காப்பது. அது எரியாதபடி செய்தால் வயர்தான் எரியும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அம்பாசடரைப் பழுது பார்க்கப் பலருக்குத் தெரிந்திருந்ததற்கு முக்கியக் காரணம், அது அடிக்கடி பழுதானதுதான்! போட்டி இல்லாத சந்தையில் கம்பெனிக்கு மாற்றம் செய்ய அவசரம் இல்லை. அதன் எளிமையில் பாதி நல்ல வடிவமைப்பு, மீதி தேக்கம்.

கம்ப்யூட்டர் வந்தது

தேயும் பாயின்டால் இன்னொரு கெடுதலும் இருந்தது. இடைவெளி மாறினால் பொறி விழும் நேரம் மாறும், பெட்ரோல் முழுதாக எரியாது, புகை கூடும். 1970ல் அமெரிக்கா இயற்றிய தூய காற்றுச் சட்டம் இந்தப் புகையைக் கடுமையாகக் குறைக்கச் சொன்னது. 1973ல் கிரைஸ்லர் தன் கார்கள் எல்லாவற்றிலும் பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷனைக் கொடுத்தது. 1975 மாடல்களில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் பரவலானது. அதைக் காப்பாற்ற பெட்ரோலையும் காற்றையும் துல்லியமாக அளந்து கொடுக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் ஈ.சி.யூ. என்ற கம்ப்யூட்டர் வந்தது.

அதாவது கம்ப்யூட்டர் வந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. சுத்தமான காற்று! இதை யாரும் குறை சொல்ல முடியாது.

கம்ப்யூட்டருக்குத் தன் கோளாறைத் தானே சொல்லவும் கற்றுக் கொடுத்தார்கள். 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரியான 16 முனை சாக்கெட் கட்டாயமானது. ஓ.பி.டி. இரண்டு என்று பெயர். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் பொறி தவறுகிறது என்று அர்த்தம், எந்தக் கம்பெனிக் காராக இருந்தாலும் சரி. புகை தொடர்பான இந்தத் தகவல்களை வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்று 1990ம் ஆண்டுத் திருத்தத்திலேயே சொல்லப்பட்டிருந்தது. இந்தியாவில் 2010ல் பி.எஸ். 4 விதிகளோடு ஓ.பி.டி. வரத் தொடங்கியது.

கவனிக்க வேண்டியது இதுதான். சட்டம் வற்புறுத்திய இடத்தில் கம்ப்யூட்டர் எல்லோரிடமும் ஒரே மொழியில் பேசியது. ஏர்பேக், சாவி பூட்டு, உள்விளக்கு போன்ற சட்டம் வற்புறுத்தாத இடங்களில், ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு ரகசிய மொழி வைத்துக்கொண்டது. கதவைப் பூட்டியது கம்ப்யூட்டர் அல்ல!

2014, இரண்டு செய்திகள்

2014 மே மாதம் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 25ம் தேதி, இந்தியப் போட்டி ஆணையம் ஒரு தீர்ப்பு சொன்னது. 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம். அசல் உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் விற்கவிடாமல் தடுத்தது, பழுது பார்க்கும் கையேடுகளையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராதது ஆகியவை முக்கியக் குற்றச்சாட்டுகள்.

ஆணையத்தின் வாதம் காமர்ஸ் படிப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். கார் வாங்கும்வரை வாடிக்கையாளருக்குப் பல கம்பெனிகள் உண்டு. வாங்கிய மறுநாள் முதல், அந்தக் காரின் உதிரிபாகத்துக்கு ஒரே ஒரு கம்பெனிதான். ஒவ்வொரு கம்பெனியும் தன் காருக்கான பழுது சந்தையில் தனி ராஜா! கம்பெனிகள் மேல்முறையீட்டுக்கும் நீதிமன்றங்களுக்கும் போயின. ஆனால் கேள்வி வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

இதே கேள்வி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓட்டுக்கே போனது. 2012ல் கார் பழுது தகவல்களைத் திறந்துவிட வேண்டும் என்று வாக்களித்தவர்கள் 80 சதவீதத்துக்கும் மேல். கார்கள் வயரில்லாமல் கம்பெனிக்குத் தகவல் அனுப்பத் தொடங்கியதும், 2020ல் மறுபடி வாக்கெடுப்பு, மறுபடி வெற்றி. இந்தியாவில் 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு வலைவாசல் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் ஒன்று.

இன்றைய காரில் பழைய டெஸ்ட் லேம்பை எடுத்துக் குத்தக்கூடாது. அந்தப் பல்பு இழுக்கும் மின்சாரமே ஈ.சி.யூ.வைக் கெடுத்துவிடலாம். மல்டிமீட்டரும் ஓ.பி.டி. கருவியும்தான் இப்போது தேவை. கருவி மாறியதில் தவறில்லை. ஆனால் அந்தப் பல்பு பதில் சொல்லும்போது, பிடித்திருந்தவர் யார் என்று கேட்கவில்லை. சொந்தக்காரர், டிரைவர், தெருமுனை மெக்கானிக் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னது. புதிய கருவிகளும் அப்படிச் சொல்லுமா என்பதை முடிவு செய்வது விஞ்ஞானம் இல்லை, சட்டமும் சந்தையும்தான். லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய பொருளுக்கு என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ளும் உரிமை கூட வாங்கியவருக்கு இல்லை என்றால், அவர் உண்மையில் வாங்கியது எதை?